முயல்குன்றில் நான் கண்டுபிடித்த காட்டு யானை

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தாம்பரத்துக்குப் பக்கத்தில் காட்டு யானை உலவுவதாக அரசாங்கத்துக்குத் தந்தி அடித்த ஒரே வனவர், இந்தத் துறை தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை, நான் ஒருவன்தான். அந்த யானையோடு ஒரு மலைப்பாம்பும் கூடவே நடந்து போயிற்று என்று சேர்த்துச் சொன்னவனும் நானே. முதல் சாதனையை யாராவது முறியடித்தாலும் முறியடிக்கலாம். இரண்டாவதை முறியடிக்க இனிமேல் ஒருவன் பிறந்து வர வேண்டும்.

வனத்துறைப் பயிற்சி முடித்த உங்களில் சிலர் வடக்கே, நிலக்கரிக்காகக் காட்டைக் கேட்கிற மாநிலங்களுக்கு வேலைக்குப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மேலே யானைக் காடு, கீழே கரி, நடுவில் காலங்காலமாக அங்கேயே இருக்கிற பழங்குடி ஜனங்கள். பெரிய வேலை. என் அனுபவமெல்லாம் ஜல்லிக் குவாரி அளவுதான். ஆனால் கரிக்கு வருகிறவனும் ஜல்லிக்கு வருகிறவனும் வாயைத் திறந்ததும் சொல்கிற முதல் வாக்கியம் ஒன்றேதான்: “அங்க ஒண்ணுமே இல்ல சார்.” அந்த வாக்கியத்தோடு நான் மல்லுக்கட்டிய கதையைச் சொல்கிறேன். மல்லுக்கட்டினேன் என்பதுகூடக் கொஞ்சம் அதிகம். வழுக்கி அதன்மேல் விழுந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். அதற்குமுன் மேற்கு மலையில், யானைகளுக்கு நடுவே வேலை பார்த்தவன் நான். நடுவே என்றால், யானை ஒரு பள்ளத்தாக்கில், நான் அடுத்த பள்ளத்தாக்கில். ஆனாலும் தடம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் உயரம் வந்துவிடும். லத்தியை, அதாவது யானைச் சாணத்தை, கிளறினால் அது எங்கே மேய்ந்தது என்று தெரிந்துவிடும். இந்த வித்தைகளோடு என்னைத் தூக்கித் தாம்பரத்தில் போட்டார்கள். மின்சார ரயிலும் ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிகளும் இருக்கிற ஊரில் லத்தி வித்தையை யாரிடம் காட்டுவது? என் பொறுப்பில் இருந்த காட்டுக்குப் பெயர் முயல்குன்று. அங்கே முயலே பாதி நாள் லீவில் இருக்கும்.

எனக்குக் கீழே ஒரு ஃபாரஸ்ட் கார்டு இருந்தார். ஜேம்ஸ் என்று பெயர், பல்லாவரத்துக்காரர், என்னைவிட வயதில் நன்றாக மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவார். மற்ற ஆறு நாளும் என்னை வாருவார். நான் யானைக் கதை ஆரம்பித்தாலே பீடியை அணைத்துவிட்டு மிகவும் மரியாதையாகக் கேட்பார்:

“சார், அந்த யானைய நீங்க பாத்தீங்க, சரி. அது உங்கள பாத்துச்சா?”

குன்றின் தெற்கு அடிவாரத்தில் இருளர் குடிசைகள் கொஞ்சம் இருந்தன. அந்தக் குடிசைகளுக்கெல்லாம் வாய் கன்னியம்மா. ஐம்பது வயதிருக்கும். பாம்பு பிடிப்பதில் அவளுக்கு அந்தப் பக்கத்தில் இணை கிடையாது. பாம்புத்தோல் வியாபாரத்தை நிறுத்தச் சொல்லி அரசாங்கம் இறங்கிவிட்ட சமயம் என்பதால் எலி, கிழங்கு, மூலிகை என்று அவர்கள் பிழைப்பு முழுதும் அந்தக் குன்றின் மேலேயே வந்து நின்றது. மேலே ஒரு சுனை. சுனைக்கரையில் ஓர் ஆலமரம். ஆலமரத்தடியில் ஏழு கல். அந்த ஏழும் அவர்களுடைய அம்மன்.

பக்கத்துக் குன்றில் ஒரு காண்டிராக்டரின் குவாரி. மெட்ராஸ் தெற்கே தெற்கே வீடு கட்டிக்கொண்டு வந்த காலம்; ஜல்லிக்கு அவ்வளவு பசி. பக்கத்துக் குன்றைப் பாதி தின்று முடித்துவிட்டு அவர் முயல்குன்றைக் குத்தகைக்குக் கேட்டிருந்தார். வெடி வைக்கும்போது கற்கள் பறந்து வந்து இருளர் குடிசைகள் மேல் விழும். ஒரு நாள் ஒரு கல் கன்னியம்மாவின் கூரையைப் பொத்துக்கொண்டு கஞ்சிப் பானைக்குள் இறங்கிற்று. அவள் அந்தக் கல்லை எடுத்துவந்து எங்கள் ஆபீஸ் மேசைமேல் வைத்தாள்.

“அடுத்த குன்றுல வெச்சாலே கஞ்சியில கல்லு வுழுது. இந்தக் குன்றுலயே வெச்சா, நாங்க பானைக்குள்ளயா போயி உக்காருறது?”

எங்கள் ரேஞ்சர் அந்தக் கல்லைக் கீழே போடவில்லை. தாள் பறக்காமல் இருக்க அதையே பாரமாக வைத்துக்கொண்டார். அதிகம் பேசாத மனிதர். பேசினால் நான் இரண்டு நாள் யோசிக்க வேண்டியிருக்கும். “காண்டிராக்டர் சொல்றது ஒரே வரி, அங்க ஒண்ணுமே இல்லன்னு,” என்றார். “பெரிய ஆபீசர் பாக்க வரப்போறார். நாம அவர்கிட்ட என்ன சொல்லப்போறோம்? முயல் இருக்குன்னா?”

அந்தக் கேள்வியை என் தலையில் வைத்துவிட்டு அவர் திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். பொறுப்பு என்னிடம். எப்பேர்ப்பட்ட அபாயம் பாருங்கள்.

மறுநாள் காலை நானும் ஜேம்ஸும் சுனைப் பக்கம் போனோம். ஈரக் களிமண்ணில் தடம். வட்டமான, கொழுத்த, சந்தேகத்துக்கே இடமில்லாத தடம். ஆலங்கிளை ஒன்று முறிந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம், வெயிலில் மின்னிக்கொண்டு, பசும்பொன் குவியல் மாதிரி லத்தி! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அளக்கக் கயிறு இல்லை. ஜேம்ஸின் பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன்.

“சார், கால்சட்ட நிக்காது சார்.”

“சரித்திரம் நடந்துகிட்டிருக்கு ஜேம்ஸ். கையால பிடிச்சுக்குங்க.”

அளந்தேன், பெருக்கினேன், உயரம் சொன்னேன். அந்தக் கணக்கு மட்டும் சரி என்று பிற்பாடு தெரிந்தது. பிறகு லத்தியைக் கிளறினேன். தேங்காய் நார் இருந்தது, வாழைப்பழத் தோல் இருந்தது. “தோப்புல புகுந்திருக்கு,” என்று அறிவித்தேன். தடத்தை ஒட்டியே நீளமாக, வளைந்து வளைந்து ஒரு கோடு போயிருந்தது. “மலைப்பாம்பு,” என்றேன்.

ஜேம்ஸ் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “யானையும் பாம்பும் ஜோடி போட்டுகினு போவுமா சார்?”

“காட்டுல எல்லாம் நடக்கும்.”

நேராகத் தாம்பரம் தபாலாபீசுக்குப் போனேன். ரேஞ்சர் வரட்டும் என்று எவனாவது காத்திருப்பானா? தலைமையிடத்துக்கே தந்தி. தந்தியை வாங்கிய குமாஸ்தா படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“நிஜ யானையா சார்?”

“நிஜ யானை.”

“எங்க வீட்டுப் பிள்ளைகளை அழைச்சிட்டு வரலாமா? டிக்கெட் உண்டா?”

பதில் தந்தி மறுநாளே வந்துவிட்டது. பெரிய ஆபீசர் தாமே நேரில் வருகிறார். ஏற்கெனவே பாக்கியிருந்த குவாரிப் பார்வையையும் அப்போதே முடித்துவிடுவார். தடங்களைக் கலைக்காமல் வைத்திருக்கவும்.

நான் தரையில் நிற்கவில்லை. ஆபீசர் வருகிற இடத்தில் மலைப்பாம்பு கிடந்து, அவர் காலைச் சுற்றிவிட்டால்? முன்ஜாக்கிரதையாகக் கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கோட்டைப் பார்த்தாள். குனிந்தாள். விரலால் தொட்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து, பயத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

“பயப்படாத கன்னியம்மா. ஆண் பாம்பா, பெண் பாம்பா, அதை மட்டும் சொல்லு.”

“இரும்புப் பாம்பு சாரு,” என்றாள். அதற்குமேல் அடக்க முடியாமல் ஆலமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அலமேலு கால் சங்கிலி சாரு இது! இழுத்துகினு போன தடம்!”

அலமேலு என்பது ஒரு யானை. காஞ்சிபுரம் பக்கத்துப் பாகன் ஒருவன் அதை ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போவான். அது தும்பிக்கையைத் தலையில் வைத்து ஆசீர்வதிக்கும். கோடைக்குக் கோடை ஜி.எஸ்.டி. ரோட்டில் மெட்ராசுக்குப் போகும்போது இந்தச் சுனையில் தங்கிக் குளித்து, ஆலந்தழை தின்றுவிட்டுப் போகும். எனக்கு அங்கே அது முதல் கோடை. வாழைப்பழமும் தேங்காயும் கடைத்தெருவில் பக்தர்கள் கொடுத்தது. ஜேம்ஸ் உட்பட, குடிசைக் குழந்தைகள் உட்பட, அங்கே இருந்த எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் நானும் முயல்களும்தான்.

சிரிப்பு அடங்கியதும் கன்னியம்மா கேட்டாள்: “அப்போ அந்த ஆபீசரு யானைக்கோசரம்தான் வர்றாரா?”

“ஆமா.”

“யானை இல்லன்னா?”

பதில் தந்தியை எடுத்து மறுபடி படித்தேன். அவள் பொத்தலாயிருந்த தன் கூரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கீழே இறங்கிப் போனாள்.

இங்கேதான் பிள்ளைகளா, ஜேம்ஸ் சாத்தான் வேடம் கட்டினார். “சார், பாகன் குரோம்பேட்டையிலதான் கீறான். ஒரு தார் பழம் வாங்கிக் குடுத்தா, சங்கிலிய அவுத்துட்டு இன்னொரு தபா ஓட்டிகினு வருவான். புதுத் தடம், புது லத்தி. ஆபீசரு பாப்பாரு, காண்டிராக்டரு வாயப் பொத்திக்குவான், ஜனங்க பொழைக்கும். கர்த்தர் கண்டுக்கமாட்டார் சார்.”

நான் கொதித்தெழுந்து மறுத்தேன் என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் நான் ஏற்கெனவே கழுத்து மணியை எப்படிக் கழற்றுவது என்பதுவரை யோசித்து முடித்திருந்தேன். சுயநலம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்தக் கூரையைப் பார்த்தால் உங்களுக்கும் தோன்றும்.

சாயங்காலம் ரேஞ்சர், தந்தி விஷயம் காதுக்கு எட்டி, திருச்சியிலிருந்து, கல்யாண வாழைக்காய் பொடிமாஸ் செரிப்பதற்குள், ஓடி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சங்கிலி யோசனையையும் சொன்னேன். அவர் மேசைமேல் இருந்த கல்லை எடுத்துக் கையில் உருட்டினார். என்மேல் எறியத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

“சுனை நிஜமா?” என்றார்.

“நிஜம் சார்.”

“ஜனங்க?”

“நிஜம் சார்.”

“நிஜமா இருக்கறது இவ்வளவு கையில இருக்கு. அதுக்கு நடுவுல ஒரு பொய் யானையைக் கொண்டாந்து நிறுத்தினா, அது பிடிபடற அன்னிக்குச் சுனையும் பொய்யாயிடும், ஜனங்களும் பொய்யாயிடுவாங்க. தெரியாம எழுதினது மடத்தனம். அதுக்கு மெமோ வரும், வாங்கி வெச்சுக்கலாம். தெரிஞ்சப்புறம் வாயை மூடிட்டு நின்னா அதுக்குப் பேரு வேற.” கல்லைத் தாள்மேல் வைத்தார். “நீ எழுதினது. நீதான் சொல்லணும். நான் உனக்காகச் சொல்லமாட்டேன்.”

மறுநாள் காலை ஆபீசர் வந்தார். ஒல்லியான மனிதர், கான்வாஸ் தொப்பி, கழுத்தில் காமிரா, முகத்தில் சர்க்கஸுக்கு வந்த பிள்ளையின் சந்தோஷம். அந்த முகத்தைப் பார்த்ததும் தொண்டையில் இருந்த உண்மை வயிற்றுக்குத் திரும்பிப் போய்விட்டது. கூடவே அம்பாசடர் காரில் காண்டிராக்டரும் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, விரலுக்கு விரல் மோதிரம், வாய் கொள்ளாத சிரிப்பு. இந்த ஆள் ஏன் இப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

குன்றில் ஏறும்போதே அவர் ஆரம்பித்துவிட்டார். “பாத்துக்குங்க சார். மொட்டைப் பாறை. ஒரு பச்சை கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. கீழ இருக்கே, இந்தக் குடிசைங்க எல்லாம் நேத்து முளைச்சது. குத்தகைன்னு காதுல விழுந்ததும் வந்து உக்காந்துட்டாங்க. அங்க ஒண்ணுமே இல்ல சார்.”

ஆபீசர் காதிலேயே வாங்கவில்லை. அவருக்கு யானைதான் வேண்டும். தடத்தின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். படம் எடுத்தார். பிறகு கோட்டுக்கு நகர்ந்தார். “இதுதான் அந்த மலைப்பாம்பா?” என்றார். கொஞ்ச தூரம் அதோடு நடந்து பார்த்தார். “விசித்திரமா இருக்கே. யானை நின்ன இடத்துல எல்லாம் பாம்பும் நின்னிருக்கு. யானை திரும்பின இடத்துல எல்லாம் பாம்பும் திரும்பியிருக்கு. ஏன்?”

ஜேம்ஸ் வானத்தைப் பார்த்தார். ரேஞ்சர் என்னைப் பார்த்தார். கீழே, தன் குடிசை வாசலிலிருந்து கன்னியம்மாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்துவிட்டேன். வீரத்தால் அல்ல, நடுக்கத்தால். சாவு வீட்டில் வருமே, அந்த மாதிரிச் சிரிப்பு. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. சிரிப்புக்கு நடுவிலேயே எல்லாம் கொட்டிவிட்டது. “சார், பாம்பு யானை கால்லயே கட்டியிருந்தது சார். அது சங்கிலி. யானை பேரு அலமேலு. ஆசீர்வாதம் பண்ற யானை சார். கேக்காம கொள்ளாம தந்தி அடிச்ச முட்டாள் நான்தான். ரேஞ்சருக்கு இதுல சம்பந்தமே இல்ல சார்.”

ஆபீசர் முகத்திலிருந்த பிள்ளை காணாமல் போய்விட்டது. அதைவிட வேடிக்கை, காண்டிராக்டர் முகம். தீபாவளிக்கு வாங்கி வைத்த அணுகுண்டு நமுத்துப்போன முகம். எனக்கு ஏன் என்று விளங்குவதற்குள் கீழேயிருந்து சத்தம் கேட்டது.

டிங். டிங். டிங்.

நெற்றியில் நாமம், கழுத்தில் மணி, காலில் மலைப்பாம்பு சகிதம் அலமேலு ஆடி அசைந்து ஏறி வந்துகொண்டிருந்தது. தந்தி விஷயம் டீக்கடைவரை பரவி, காண்டிராக்டர் பாகனைத் தேடிப் பிடித்து, சரியாக இந்த நேரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். நான் ஆபீசரிடம் பொய்யைச் சாதித்துக்கொண்டிருக்கும்போது யானையைப் பக்கத்தில் நிறுத்தி என் மானத்தையும், அதோடு இந்தக் குன்றையும் வாங்கிவிடுவது திட்டம். நான் இரண்டே நிமிஷம் முந்திக்கொண்டதில் அவர் கையில் திட்டம் போய் வெறும் யானைதான் மிஞ்சியிருந்தது.

அந்த யானையும் அவர் சொன்னபடி நிற்கவில்லை. வெயிலில் வந்த யானை, எங்கள் யாரையும் மதிக்காமல் நேராகச் சுனைக்குப் போயிற்று. தும்பிக்கை நிறைய உறிஞ்சி முதுகில் ஊற்றிக்கொண்டது. மிச்சம் காண்டிராக்டரின் வெள்ளைச் சட்டைக்கு.

“தண்ணி ஒரு சொட்டும் கிடையாதுன்னீங்க,” என்றார் ஆபீசர், தொப்பியைத் துடைத்துக்கொண்டே.

“மழைத் தண்ணி சார், என்னைக்கோ பேஞ்சது...”

ஆபீசர் பாகனைக் கூப்பிட்டார். “நீங்க ஏன் இங்க வர்றீங்க?”

பாகன் காண்டிராக்டரைப் பார்த்தான். காண்டிராக்டர் கொடுத்த பழத்தாருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தமோ தெரியவில்லை, தெரிந்ததைச் சொன்னான். “பின்ன எங்க சார் போறது? நடுக் கோடையில இந்தப் பக்கம் யானைக்குத் தண்ணி, தழை ரெண்டும் கீற எடம் இதான். எங்கப்பாரு காலத்துலேருந்து இங்கதான் வர்றோம். தோ கீழ நிக்குதே, அந்த அம்மா வூட்டாண்டதான் படுப்போம். அதோட மாமியா கீதே, அது ஆனைக்குக் களி கிண்டிப் போடும்.”

“நேத்து முளைச்ச வீட்டிலா?” என்றார் ஆபீசர்.

அதற்குப் பதிலை அலமேலுதான் சொன்னது. சுனையை விட்டிறங்கி, கன்னியம்மாவின் குடிசை வாசலுக்குப் போய், வாடிக்கைக்காரர் மாதிரி கூரைக்குள் தும்பிக்கையை விட்டு நின்றது. நாங்களும் அதன் பின்னாலேயே இறங்கிப் போனோம். கன்னியம்மா உள்ளேயிருந்து கிழங்கு கொண்டுவந்து அதன் வாயில் வைத்தாள். பிறகு ஆபீசரைப் பார்த்துத் திரும்பினாள்.

“யானை கொசுறு சாரு. அது நாலு நாளு இருக்கும், போயிடும். நாங்க போவமாட்டோம். மேல எங்க அம்மா ஏழு பேரும் கல்லாக் குந்தினு கீறாங்க. வந்து பாரு. பாத்துட்டு, ஒண்ணுமே இல்லன்னு அப்புறமா எழுதிக்க.”

தடத்திலேயே கண்ணாக இருந்ததில் முதலில் கவனிக்காததை, ஆபீசர் மறுபடி மேலே ஏறிப் போய்ப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஆலமரத்தடியில் நெடுநேரம் நின்றார். இறங்கி வரும்போது ரேஞ்சரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்; ரேஞ்சர் சொன்னதையெல்லாம் மறுகேள்வி இல்லாமல் ஏற்றுக்கொண்டார். யானை விஷயத்தில் தாமாக உண்மை சொன்ன கூட்டம் சுனை விஷயத்தில் பொய் சொல்லாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நீங்கள் வடக்கே போனாலும் மலைமேல் போனாலும் இந்த இரண்டு நிமிஷத்தை மறந்துவிடாதீர்கள். “ஒண்ணுமே இல்ல” என்று ஒருவன் சொன்னால், அங்கே யார் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று முதலில் போய்ப் பாருங்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். காட்டைக் காப்பாற்றக் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமே என்று நல்ல மனசோடு ஒரு யோசனை வரும். வந்தால், அதன் காலடியில் சங்கிலித் தடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முயல்குன்றுக்குக் குத்தகை கிடைக்கவில்லை. குடிசைகள் அங்கேயே இருந்தன. பக்கத்துக் குவாரியில் அந்தப் பக்கமாக வெடி வைக்கக் கூடாது என்று உத்தரவும் வந்தது. எனக்கு மெமோவும் வந்தது: ரேஞ்சரைக் கேட்காமல் எந்த விலங்கைப் பற்றியும் இனி தந்தி அடிக்கக் கூடாது. “முயல் உட்பட” என்பதை ஆபீசர் தம் கையாலேயே சேர்த்திருந்தார்.

அதெல்லாம் பிறகு. அன்று கார்கள் கிளம்பிப் போனதும், அலமேலுவும் மணியடித்துக்கொண்டு இறங்கிப் போனதும், எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் முட்டாள், மத்தியானம் வெற்றி வீரன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கன்னியம்மாவின் வாசலுக்குப் போனேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்து நின்றிருந்தாள். அவ்வளவு நேரம் அங்கே நின்ற விருந்தாளி, வழியை அடைத்துக்கொண்டு, ஒரு லத்தி மலையையே விட்டுவிட்டுப் போயிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

“பாத்தியா கன்னியம்மா,” என்றேன். “யாரு என்ன சொன்னாலும், கடைசியில என் யானைதானே உங்க குன்றைக் காப்பாத்துச்சு?”

அவள் முறத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“உன் யானைதானே? அள்ளு.”